புகையா, தூசியா, வெறும் மேகமா? சென்னையிலிருந்து பார்க்க எந்தச் செயற்கைக்கோள் படம்

குப்பைமேட்டுப் புகையைத் தேடி இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைத் திறப்பவரும், அரேபியாவிலிருந்து வரும் தூசியைத் தேடி ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தைத் திறப்பவரும் ஏமாந்துதான் போவார்கள். முன்னவருக்குப் படம் கிடைக்கும், அதில் புகை தெரியாது. பின்னவருக்கு அன்றைய தேதியில் படமே இருக்காது.

வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்கக சங்கத்தின் செயலாளர் என்னிடம் கேட்டார்: “சார், காலையில புகை நாத்தம் வந்தா உடனே திறந்து பார்க்கிற மாதிரி ஒரே ஒரு வெப்சைட் சொல்லுங்க. பத்து சொல்லாதீங்க.” நியாயமான கோரிக்கைதான். இலவசமாகக் கிடைக்கும் படங்கள் இன்று ஏராளம். எதற்கும் காசு கேட்பதில்லை, பெரும்பாலானவை ஃபோனிலேயே திறக்கின்றன. எதை எப்போது பார்ப்பது என்பதில்தான் குழப்பம்.

ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தரம் புதுப்படம் தரும் நிலைக்கோளின் (வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோளின்) தொடர்படம், அதாவது அடுத்தடுத்த படங்களை ஓட்டிப் பார்ப்பது. இரண்டாவது, அமெரிக்கக் கோள்களில் இருந்து நாளுக்கு ஒரு தரம் கூர்மையாக எடுக்கும் விர்ஸ் (VIIRS) கருவியின் இயற்கை நிறப் படம். மற்றவை தேவை வரும்போது திறந்து பார்க்க வேண்டியவை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கட்டாயப்படுத்தினால், நான் கூர்மையை விட்டுவிட்டுத் தொடர்படத்தை எடுப்பேன்.

எதைத் தேடுகிறோம்

சென்னைக்காரருக்குப் புகை, தூசி என்ற கவலை சில வடிவங்களில் வரும். கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளில் தீப்பிடிப்பது, போகி, தீபாவளி ஆகியவை ஊருக்குள்ளேயே பிறப்பவை. பிப்ரவரி முதல் மே வரை காட்டுத்தீக் காலம். மேற்குத் தொடர்ச்சி மலை, ஜவ்வாது மலை, ஆந்திரப் பக்கம் சேஷாசலம் காடுகள் எரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்றோடு வட இந்தியாவின் மங்கல் வங்கக்கடல் மேல் இறங்கும். 1999-ல் நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு, அந்தப் பழுப்பு மங்கல் இந்தியப் பெருங்கடலில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று உலகத்துக்குக் காட்டியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று வீசும்போது, அரேபியத் தீபகற்பத்தின் தூசி அரபிக்கடலைத் தாண்டி தக்காணம் வரைக்கும் வருவதுண்டு. அதோடு எண்ணூர்ச் சாம்பல் குளங்கள், மெட்ரோ ரயில் பள்ளங்கள், பெரிய கட்டுமானங்கள் கிளப்பும் உள்ளூர்த் தூசி.

இவற்றை ஒரே கூடையில் போடக் கூடாது. அதற்குக் காரணம் துகளின் அளவு. புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. அது நீல ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், அகச்சிவப்புக் கதிருக்கோ ஏறக்குறைய கண்ணாடி மாதிரி வழிவிட்டுவிடும். தூசித்துகள் பருமனானது, பல மைக்ரான் வரை போகும், மணலின் கனிமங்கள் அதில் இருக்கும். ஆகவே தூசி அகச்சிவப்பிலும் சிக்கும். நடைமுறையில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: தூசியை இரவிலும் பார்க்கலாம், புகையைப் பார்க்கப் பகல் வேண்டும். நிலா வெளிச்சத்தில் விர்ஸின் இரவுப் பட்டை சில நேரம் பெரும் புகைப்படலத்தைக் காட்டும். அதை நம்பி யாரும் இருக்க வேண்டாம்.

தலைக்கு மேலே ஒன்று, பக்கவாட்டில் இரண்டு

நம் ஊரை இடைவிடாமல் பார்க்கும் நிலைக்கோள்களில் மூன்றைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

முதலாவது நம்முடைய இன்சாட். இன்சாட்-3டிஆர் 2016-ல் போனது. இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, நம் பழவேற்காட்டுக்குப் பக்கத்திலிருந்து, ஜிஎஸ்எல்வி-எஃப்14 ராக்கெட்டில் கிளம்பியது. ஒன்று கிழக்குத் தீர்க்கரேகை 74-லும் மற்றது 82-லும் நிற்கிறது. சென்னையின் தீர்க்கரேகை ஏறக்குறைய 80. அதாவது 3டிஎஸ் நம் உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே தள்ளி, கிட்டத்தட்ட நேர் மேலே இருக்கிறது. ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு முழுப்படம் எடுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் கால் மணிக்கு ஒன்று கிடைக்கும். காண் ஒளியில் ஒரு புள்ளி 1 கி.மீ., அகச்சிவப்பில் 4 கி.மீ.

இரண்டாவது ஐரோப்பிய மீட்டியோசாட்-9. 2022-லிருந்து கிழக்குத் தீர்க்கரேகை 45.5-ல் நின்று இந்தியப் பெருங்கடலைப் பார்க்கிறது. கால் மணிக்கு ஒரு படம், 12 அலைவரிசைகள், நேர் கீழே பார்த்தால் 3 கி.மீ. புள்ளி. மூன்றாவது ஜப்பானின் ஹிமாவாரி-9, 140.7-ல். பத்து நிமிடத்துக்கு ஒரு படம், 16 அலைவரிசைகள், நேர் கீழே அரை கிலோமீட்டர் வரை கூர்மை. அந்த அரை கிலோமீட்டர் கணக்கு நியூ கினியாப் பக்கம் இருப்பவர்களுக்கு. சென்னை அதன் பார்வையின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நம் ஊர்ப் புள்ளிகள் சரிந்து நீண்டு போயிருக்கும்.

இதை வாசித்ததும் யாரும் “அப்போ இன்சாட்தானே நமக்குச் சரி” என்பார்கள். மேகம், புயல், மழை என்றால் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. புகைக்கு மட்டும் கணக்கு மாறுகிறது.

வீட்டில் சாம்பிராணி போட்டதும் புகையை மேலிருந்து குனிந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. ஜன்னல் வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் இழை இழையாகத் தெரியும். வானத்திலும் அப்படியே. மெல்லிய துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கும். சூரியன் ஒரு பக்கம், கோள் எதிர்ப்பக்கம், நடுவில் புகை என்றால் புகை பளிச்சிடும். சென்னைக்கு மேற்கே நிற்கும் மீட்டியோசாட்டுக்கு இந்த அமைப்பு காலையில் வாய்க்கிறது, அப்போது சூரியன் கிழக்கே இருக்கும். கிழக்கே நிற்கும் ஹிமாவாரிக்கு மாலையில் வாய்க்கிறது. அதோடு ஹிமாவாரி நம்மை மிகச் சாய்வாகப் பார்ப்பதால், அதன் பார்வைக்கோடு புகைப்படலத்தின் ஊடே நேர் மேலிருந்து பார்ப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம் போகிறது. இன்சாட்டில் கண்ணுக்கே படாத மெல்லிய மங்கல், அதே மாலையில் ஹிமாவாரி படத்தில் சாம்பல் திரையாக விரிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். ஓரத்துப் பார்வை என்று தள்ளிவிட்ட கோள், புகை விஷயத்தில் மாலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் நமக்கு நல்ல துணை.

ஆனால் அந்தப் பளபளப்பைப் பார்த்து “இன்று மாலை புகை கூடிவிட்டது” என்று முடிவுகட்டக் கூடாது. மதியம் இருந்த அதே அளவுதான் மாலையிலும் இருக்கும், சூரியனின் கோணம் மட்டும் மாறியிருக்கும். இன்று மாலை ஐந்தை நேற்று மாலை ஐந்தோடு ஒப்பிடலாம். காலையோடு ஒப்பிடக் கூடாது.

தூசிக்கு மீட்டியோசாட்டைத்தான் முதலில் திறப்பேன், தயக்கமே இல்லை. தூசியைப் பிரித்துக் காட்டும் பிரபலமான நிறக்கலவை ஐரோப்பியர்கள் இந்தக் கருவிக்காகவே உருவாக்கியது. 12, 10.8, 8.7 மைக்ரான் என்று மூன்று அகச்சிவப்பு அலைவரிசைகளின் வித்தியாசங்களைக் கலந்து, தூசியை இளஞ்சிவப்பு, செங்கருநீலம் என்று காட்டும். இரவு பகல் பேதமில்லை. சஹாராவிலோ அரேபியாவிலோ மண் கிளம்பினால் அப்பட்டமாகத் தெரியும். இன்சாட் கருவியில் இருப்பது ஆறே அலைவரிசைகள், அவற்றில் 8.7 கிடையாது. ஆகவே அந்தக் கலவையை இன்சாட்டில் அப்படியே செய்ய முடியாது. வானிலைத் துறையின் ‘ரேபிட்’ தளத்தில் பகல், இரவு நுண்ணியற்பியல் படங்கள் கிடைக்கின்றன. அவை மேகத்தையும் மூடுபனியையும் பிரிப்பதில் கெட்டிக்காரப் படங்கள், தூசிக்கு அவ்வளவு இல்லை.

ஒரு எச்சரிக்கை உண்டு. இளஞ்சிவப்பு நிறம் பாலைவனத்தில் பளிச்சென்று இருக்கும், நம் கரையை நெருங்க நெருங்க மங்கிவிடும். தூசி தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தமில்லை. காற்றிலுள்ள ஈரம், தூசி விட்டுச்செல்லும் அகச்சிவப்பு அடையாளத்துக்கு நேர் எதிரான அடையாளத்தைப் பதிக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நம் ஊரின் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! ஆகவே தூசியை அரபிக்கடலில் இருக்கும்போதே பிடித்து, பிறகு காற்றோட்டத்தை வைத்துத் தொடர வேண்டும். இதற்குத்தான் தொடர்படம் வேண்டும் என்கிறேன். ஒற்றைப் படத்தில் மெல்லிய மேகமா தூசியா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதைவிட, ஆறு மணி நேரப் படங்களை ஓட்டிப் பார்த்தால் உயர்மேகம் ஒரு திசையிலும் தூசிப்படலம் வேறு வேகத்தில் வேறு திசையிலும் நகர்வது தெரிந்துவிடும்.

இந்த மாதிரி விஷயங்களைத் தேடினால் வருகிற ஆங்கில விளக்கங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் கோஸ் வரிசைக் கோள்களைப் பற்றியவை. அங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ வானம் ஆரஞ்சு நிறமானதையும், 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை நியூயார்க்கை மூடியதையும் நிமிடக் கணக்கில் காட்டியவை அவை. கலிஃபோர்னியாவில் இருக்கிற அண்ணன் மகன் அனுப்பும் இணைப்புகளும் அவைதான். கோஸ் நம்மைப் பார்க்காது. அமெரிக்க வானிலை அமைப்பு கையால் வரைந்து வெளியிடும் புகை வரைபடமும் வட அமெரிக்காவுக்கு மட்டுமே. அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

பிற்பகல் ஒன்றரை மணிப் படம்

நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ தளத்தில் மோடிஸ், விர்ஸ் என்ற இரண்டு கருவிகளின் படங்களும் கிடைக்கும். இன்றைய நிலையில் விர்ஸைத்தான் எடுக்க வேண்டும். மோடிஸ் பழம்பெருமை உடையது. அதைச் சுமக்கும் டெர்ரா கோள் 1999 டிசம்பரிலும் அக்வா 2002 மேயிலும் போனவை. இரண்டும் தங்கள் கடைசிக் காலத்தில் இருக்கின்றன, கடக்கும் நேரமும் பழைய நேரத்திலிருந்து நகர்ந்துவிட்டது. மோடிஸின் வீச்சு (ஒரு சுற்றில் படம்பிடிக்கும் அகலம்) 2330 கி.மீ. என்பதால் நம் அட்சரேகையில் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே கறுப்பு இடைவெளி விழும். தேவைப்படுகிற நாளில் பார்த்துச் சென்னை அந்தக் கறுப்பில் மாட்டிக்கொள்ளும். விர்ஸின் வீச்சு 3000 கிலோமீட்டருக்கு மேல், இடைவெளி கிடையாது. சுவோமி என்பிபி (2011), நோவா-20 (2017), நோவா-21 (2022) என்று மூன்று கோள்களில் அது இருக்கிறது. பழைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டும் என்றால் மட்டும் மோடிஸுக்குப் போகலாம். இருபது ஆண்டுக்கு மேலான தொடர்ச்சி அதில் உண்டு.

விர்ஸின் இயற்கை நிறப்படத்தில் புகை நீலச்சாம்பலாக, தூசி பழுப்பு மஞ்சளாக, மேகம் வெள்ளையாக இருக்கும். கடல் மேல் இது தெளிவாகத் தெரியும். கோடையில் மட்டும் ஒரு தொல்லை. மதியச் சூரியன் உச்சியில் இருப்பதால் வங்கக்கடலில் வெயில் பிரதிபலிப்பு வெள்ளிப் பட்டையாக விழும். அந்தப் பட்டைக்குள் புகை இருந்தாலும் தெரியாது, இல்லாதபோது இருப்பதாகவும் தோன்றும். மூன்று கோள்களும் சற்றே வேறு வேறு பாதையில் போவதால், பட்டை ஒன்றில் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் இருக்காது. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் தீர்ந்தது.

மூன்றும் பிற்பகல் ஒன்றரையை ஒட்டியும், பின்னிரவு ஒன்றரையை ஒட்டியும் கடக்கும். இந்த நேரம்தான் அதன் பலவீனம். வட மாநிலங்களின் வைக்கோல் எரிப்பு விவகாரத்தில் இது பெரிய பேச்சானது. கோள் கணக்கில் தீப்புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன, புகையோ குறையவில்லை. கோள் கடந்துபோன பிறகு, பிற்பகலில் வயலுக்குத் தீ வைக்கிறார்கள் என்று 2024-ல் சுட்டிக்காட்டப்பட்டது. அதைக் காட்டிக்கொடுத்தது கூர்மையான விர்ஸ் இல்லை. இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த கொரிய நிலைக்கோள்தான். தொடர்படத்துக்கு நான் முதலிடம் தருவதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தீப்புள்ளிகளைத் தனியாகப் பார்க்க நாசாவின் ‘ஃபிர்ம்ஸ்’ (FIRMS) வரைபடம் இருக்கிறது. கோள் கடந்து மூன்று மணி நேரத்துக்குள் சிவப்புப் புள்ளி வந்துவிடும். விர்ஸில் ஒரு புள்ளி 375 மீட்டர் கட்டத்தைக் குறிக்கும், மோடிஸில் 1 கி.மீ. புள்ளி விழுந்த இடம் கட்டத்தின் நடு, தீ அதற்குள் எங்கேயும் இருக்கலாம். ஆகவே வரைபடத்தைப் பெரிதாக்கி “இந்த வீட்டுக் கொல்லையில்தான் எரிகிறது” என்று யாரையும் சுட்டிக்காட்டாதீர்கள். மணலி, எண்ணூர் பக்கம் புள்ளி விழுந்தால் பதற வேண்டாம். ஆலைச் சுடரும் உலையும் கோளின் கண்ணுக்கு வெப்பம்தான். அதே இடத்தில் நாள்தோறும் விழுந்தால் அது காட்டுத்தீயும் இல்லை, குப்பைத்தீயும் இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனமும் இதே மோடிஸ், விர்ஸ் புள்ளிகளை வைத்துத்தான் குறுஞ்செய்தி எச்சரிக்கை அனுப்புகிறது. ஜவ்வாது மலையோ சேஷாசலமோ எரிகிறதா என்று மாலையில் அறிய இது போதும். மலையேறப் போகிறவர்கள் இதை நம்பிப் போகக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன மாதிரியான தீ, அடுத்த கோள் வரும்வரை காத்திருக்காது.

தேவைப்படும்போது மட்டும்

சென்டினல்-5பி கோளில் உள்ள ட்ரோபோமி கருவி (2017 அக்டோபரிலிருந்து) நாளுக்கு ஒரு தரம், அதே ஒன்றரை மணிக்கு வருகிறது. அதன் புறஊதாத் துகள் குறியீடு ஒரு நல்ல நடுவர். ஒளியை உறிஞ்சும் புகையையும் தூசியையும் அது காட்டும், கடல் உப்பு மங்கலையும் சாதாரண மேகத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும். மேகத்துக்கு மேலே தூசி மிதந்தாலும் காட்டும், ஜூலையில் இது பெரிய உதவி. கூடவே கார்பன் மோனாக்சைடு படத்தையும் திறந்தால், அதுவும் கூடியிருந்தால் புகை, குறியீடு மட்டும் கூடியிருந்தால் தூசி என்று ஓரளவு பிரிக்கலாம். தரையை ஒட்டிய புகைக்கு மட்டும் இந்தக் குறியீடு மந்தமாகிவிடும். துகள் உயரே போகப் போகத்தான் அதற்கு உணர்வு கூடும்.

சென்டினல்-2 வேறு வகை. ஒரு புள்ளி 10 மீட்டர். பெருங்குடிக் கிடங்கு 200 ஏக்கருக்கு மேல். இன்சாட்டின் ஒரு காண்ஒளிப் புள்ளி 247 ஏக்கர், அதாவது கிடங்கு முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அதே ஒரு சதுர கிலோமீட்டரை சென்டினல்-2 பத்தாயிரம் புள்ளிகளாகப் பிரிக்கும். குப்பைமேட்டின் எந்த மூலை கருகியிருக்கிறது, எண்ணூர்ச் சாம்பல் குளம் எந்த அளவு காய்ந்து வெளுத்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். குற்றலை அகச்சிவப்புப் பட்டையில் புகை மறைந்து, கீழே கனலும் நெருப்பு ஆரஞ்சாகத் தெரியும். 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடியில் பிடித்துச் சில நாள் நீடித்த தீ மாதிரியான சம்பவத்துக்குப் பொருத்தமான கருவி இதுதான், காலையில் கோள் வரும் நாளாக இருந்தால்! இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு தரம்தான் வரும். ஆகவே இதைக் கண்காணிப்புக்கு வைத்துக்கொள்ள முடியாது. நடந்து முடிந்ததற்கு ஆதாரம் சேர்க்க, மாநகராட்சிக்கு மனு எழுத வைத்துக்கொள்ளலாம்.

விண்டி செயலியில் வரும் தூசி, புகை நிறங்களைப் பலர் செயற்கைக்கோள் படம் என்று நினைத்துப் பகிர்கிறார்கள். அது ஐரோப்பாவின் காம்ஸ் என்ற கணினி மாதிரியின் கணிப்பு. ஐந்து நாள் வரை சொல்லும், ஒரு கட்டம் சுமார் 40 கி.மீ. சென்னை மாநகரம் மொத்தமும் ஒன்றிரண்டு கட்டம்தான். தாம்பரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வித்தியாசம் தேடாதீர்கள். மத்திய இந்தியாவிலிருந்தோ அரபிக்கடலிலிருந்தோ ஏதேனும் வருமா என்று இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்துகொள்ள நல்லது. வந்ததா இல்லையா என்பதைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

போகிக்கு எதுவும் உதவாது

ஒவ்வொரு ஜனவரியிலும் “போகிப் புகையைச் செயற்கைக்கோள் படம் பிடித்தது” என்று ஏதாவது ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிப்பது விடியலுக்கு முன்னால், நாலு, ஐந்து மணிக்கு. அப்போது வெளிச்சம் கிடையாது, ஆகவே காண் ஒளிப் படம் கிடையாது. அகச்சிவப்பில் புகை தெரியாது. வாசலில் எரியும் பாயும் துணியும் 375 மீட்டர் கட்டத்தில் புள்ளியாகும் அளவுக்குப் பெரிய நெருப்பும் இல்லை, அந்த நேரத்தில் கோளும் வராது. வெயில் ஏறினால் கடற்காற்றோ வாடையோ வந்து கலைத்துவிடும். ஒன்றரை மணிக்கு விர்ஸும் ட்ரோபோமியும் வரும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அதுவும் தரையோரம். காலை இன்சாட் படத்தில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் மூடுபனி, அதற்குள் புகை கலந்திருக்கும்.

அன்றைக்கு நம்ப வேண்டியது தரையை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி நிலையங்களின் பிஎம் 2.5 என்ற நுண்துகள் அளவு மணிவாரியாக வரும். அதோடு மீனம்பாக்கம் விமான நிலையம் அரை மணிக்கு ஒரு தரம் வெளியிடும் ‘மீட்டார்’ (METAR) என்ற வானிலைக் குறிப்பு. அதில் எத்தனை மீட்டர் தூரம் தெரிகிறது என்பதும், மறைப்பது புகையா, மங்கலா, ஈரப்பனியா, தூசியா என்பதும் தனித்தனிக் குறியீட்டோடு இருக்கும். 2018 போகியன்று விமானங்கள் திருப்பிவிடப்பட்ட காலையை அந்தக் குறிப்புகளில் படித்தால், எந்தக் கோளின் படமும் சொல்லாத கதை கிடைக்கும்.

2019 நவம்பர்: எல்லாம் இருந்தும் தீராத வழக்கு

அந்த மாதத் தொடக்கத்தில் சென்னையில் காற்று மோசமானது, பல நாள் மங்கலாகவே கிடந்தது. டெல்லிப் புகை கிழக்குக் கரையோரமாக இறங்கி வந்துவிட்டது என்றார்கள் சிலர். இல்லை, காற்று அசையாமல் நின்று நம் வண்டிப் புகையும் ஆலைப் புகையும்தான் தேங்கிவிட்டது என்றார்கள் வேறு சிலர். வங்கக்கடலில் புல்புல் புயல் சுழன்றுகொண்டிருந்த வாரமும் அதையொட்டியே வந்தது, ஆகவே காற்றோட்டமும் வழக்கம்போல இல்லை.

அப்போது படங்களை வைத்து வாதிட்டவர்கள் பெரும்பாலும் ஒளி மறைப்பு அளவு என்கிற ஏஓடி வரைபடத்தைக் காட்டினார்கள். அதில் 0.1 என்றால் தெளிந்த வானம், 1 என்றால் கனத்த மங்கல். வடக்கிலிருந்து கடலோரமாக ஒரு பட்டை நீண்டு வருவதை அது காட்டலாம். அந்தப் பட்டை இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா, நம் மூக்கு மட்டத்தில் இருக்கிறதா என்று அதில் சொல்ல வழியில்லை. மொத்தக் காற்றுத் தூணையும் கூட்டிச் சொல்லும் எண் அது. உயரத்தை அளக்க லேசர் வேண்டும். அன்று கேலிப்சோ கோள் இருந்தது, 2023 ஆகஸ்ட்டில் ஓய்வு பெற்றது. 2024 மே 28 அன்று போன எர்த்கேர் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. இரண்டுமே தங்கள் பாதைக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கோட்டை மட்டும் அளப்பவை. அந்தக் கோடு நாம் கேட்கிற நாளில் சென்னை மேல் விழ வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

என் பார்வையில், அந்த மாதிரி வாரத்தில் ஒளி மறைப்பு வரைபடத்தை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் பேசக் கூடாது. மாலை ஹிமாவாரித் தொடர்படத்தில் பட்டை எந்தத் திசையில் நகர்கிறது, ட்ரோபோமியின் குறியீட்டில் அது தெரிகிறதா (தெரிந்தால் உயரே), நெல்லூரிலிருந்து சென்னைவரை தரை நிலையங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிஎம் 2.5 ஏறியதா, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஏறியதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஏறினால் வெளியிலிருந்து வந்தது. அலுவலகம் போகும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் மட்டும் ஏறி இறங்கினால் நம்முடையது.

யாருக்கு எது

செயலாளருக்கு நான் சொன்னது: காலையில் நாற்றம் வந்தால் முதலில் சமீர், அதில் அக்கம்பக்கத்து நிலையங்கள். உங்கள் நிலையம் மட்டும் ஏறியிருந்தால் தீ பக்கத்தில்தான், கோளைத் தேடாமல் தீயணைப்புக்கு 101 அழையுங்கள். நகரம் முழுக்க ஏறியிருந்தால் தொடர்படத்தைத் திறங்கள். “அப்போ அந்த சாட்டிலைட் படம் எதுக்கு சார்?” என்றார். வாரத்துக்கு ஒரு சென்டினல்-2 படம் எடுத்து வையுங்கள், கிடங்கு எப்படி மாறுகிறது என்று ஆண்டு முடிவில் கையில் ஆதாரம் இருக்கும் என்றேன். அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது.

பள்ளி ஆசிரியர்களுக்கு வேர்ல்ட்வியூ போதும். 2020 ஜூனில் சஹாராத் தூசி அட்லான்டிக்கைக் கடந்ததையும், 2022 ஜனவரியில் கராச்சிப் பக்கமிருந்து கிளம்பிய தூசி மும்பையை மூடியதையும் தேதி போட்டு மாணவர்களுக்குக் காட்டலாம். பிள்ளைகளுக்கு அங்கேயே ஆர்வம் பற்றிக்கொள்ளும். செய்தியாளர்கள் மட்டும் தயவுசெய்து படத்தோடு கோளின் பெயரையும் நேரத்தையும் போடுங்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் நடைப்பயிற்சிக்குப் போகலாமா என்று முடிவெடுக்க எந்தச் செயற்கைக்கோள் படத்தையும் பார்க்க வேண்டாம், தரை அளவீடு ஒன்றே வழி.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மூடி வாரக்கணக்கில் எதுவும் தெரியாமல் போகும், அதற்கு எந்தத் தளத்திலும் மருந்து இல்லை. நேர விஷயத்தில் மட்டும் பெரும்பாலான படங்கள் ஒன்றுபோலவே ஏமாற்றும். அவற்றில் அச்சிட்டிருப்பது சர்வதேச நேரம், நமக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். 0800 என்று இருந்தால் இங்கே பிற்பகல் ஒன்றரை, 1130 என்று இருந்தால் மாலை ஐந்து. ஹிமாவாரியில் மாலைப் புகையைத் தேடுகிறவர்கள் 1100 முதல் 1230 வரையுள்ள படங்களை ஓட்டிப் பார்க்கலாம்.